அத்தியாயம் 6: தைப்பூசம் முடிந்த பிறகும் வருமானம்

பழனியில் உட்கார்ந்துகொண்டு இணையதளம் கட்டித்தரும் தொழில் செய்யப்போகிறவர், லேப்டாப்பைத் திறப்பதற்கு முன் தினசரி காலண்டரைப் புரட்டிப் பார்ப்பது நல்லது. கார்த்திகை பிறந்ததும் சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் வந்து இறங்கத் தொடங்குவார்கள். அடிவாரத்தில் வேன் நிறுத்த இடம் கிடைக்காது. அந்தக் கூட்டம் வடிவதற்குள் தைப்பூசப் பாதயாத்திரை. பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடித் தீர்த்தக் காவடிகள். பிறகு பள்ளி விடுமுறை, கொடைக்கானல் போகிற வழியில் ஒரு தரிசனம். ஆடிக் கிருத்திகை போன்ற நாட்களை விட்டுவிட்டால், ஆடியிலிருந்து ஐப்பசிக் கந்த சஷ்டி வரைக்கும் லாட்ஜ்காரர்களுக்குக் கொஞ்சம் மூச்சுவிட நேரமிருக்கும்.

ஊரின் பணப்புழக்கம் இப்படித்தான் ஏறி இறங்குகிறது. உங்கள் வாடிக்கையாளர் யாராக இருந்தாலும், லாட்ஜ், சித்த மருந்துக் கடை, டிராவல்ஸ், கல்யாண மண்டபம் எதுவானாலும், இதற்கு வெளியே இல்லை. மார்கழியில் ஒரு லாட்ஜ் முதலாளியிடம் போய் இணையதளம் பற்றிப் பேசினால் அவர் கண் உங்கள்மேல் இருக்காது, ரிசப்ஷன் வாசலில் நிற்கும் கூட்டத்தின்மேல் இருக்கும். பேச வேண்டிய காலம் பங்குனி உத்திரம் முடிந்த இரண்டு மூன்று வாரங்கள். கையில் பணம் இருக்கும். எடுக்காமல் விட்ட போன்களும் பறிபோன புக்கிங்குகளும் மனதில் இருக்கும். ஆடியில் புதிதாக எதையும் தொடங்க மாட்டேன் என்பவர்கள் இங்கே நிறைய. அவர்களோடு வாதாட வேண்டாம். ஆனியிலேயே முன்பணத்தை வாங்கிக்கொண்டு, ஆடி முழுக்க வேலை பார்த்து, ஆவணி முதல் முகூர்த்தத்தில் தளத்தைத் திறந்துவையுங்கள். எல்லோருக்கும் திருப்தி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

குடும்பச் செலவுக்கு மாதம் 35,000 ரூபாய் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 4,20,000. மருத்துவக் காப்பீடு, இணைய இணைப்பு, மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய லேப்டாப், பெட்ரோல், வரி, ஆடிட்டர் கட்டணம் எல்லாவற்றுக்குமாக 1,20,000. மொத்தம் 5,40,000. ஒரு சின்னத் தளத்துக்கு 15,000 வாங்கினால் ஆண்டுக்கு 36 தளங்கள் கட்ட வேண்டும். அதாவது மாதம் மூன்று புதிய வாடிக்கையாளர்கள், கார்த்திகையிலும் தையிலும்கூட. பழனியில் அது நடக்காது. முதல் வருடம் சொந்தக்காரர், பள்ளித் தோழன், அப்பாவின் நண்பர் என்று ஓடிவிடும். இரண்டாம் வருடம் வண்டி நின்றுவிடும். ஊரில் திறமையான பையன்கள் பலர் இந்த இடத்தில்தான் கோயம்புத்தூருக்கோ பெங்களூருக்கோ வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள்.

அதே கணக்கில் ஆண்டுப் பராமரிப்பைச் சேருங்கள். ஹோஸ்டிங் செலவு தனி. உங்கள் உழைப்புக்கு மட்டும் ஒரு தளத்துக்கு ஆண்டுக்கு 6,000. முப்பது பேர் இருந்தால் 1,80,000. இப்போது கட்ட வேண்டியது 24 தளங்கள். ஐம்பது பேர் சேர்ந்தால் 3,00,000. வருடத்துக்கு 16 தளம் போதும். மூன்றாம் ஆண்டு முடிவில் அந்த ஐம்பதைத் தொட்டுவிட்டால், புது வாடிக்கையாளர் யாரும் வராத மாதத்திலும் பால் பாக்கி நிற்காது. இந்த அத்தியாயத்தில் நான் சொல்லவரும் முக்கியமான விஷயம் இதுதான்: தளம் கட்டுவது ஒருமுறைக் கூலி, அதைப் பார்த்துக்கொள்வதில்தான் தொழில் இருக்கிறது.

ஏ.எம்.சி. பற்றி எப்படிப் பேசுவது

லாட்ஜ் முதலாளிக்கு ஏ.எம்.சி., அதாவது ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், புதிதில்லை. லிஃப்ட், ஜெனரேட்டர், ஆர்.ஓ., சிசிடிவி எல்லாவற்றுக்கும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். இணையதளத்துக்கு மட்டும் ஏன் என்பார். அந்த இடத்தில் பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகலாம்:

"அண்ணே, மலைக்குப் போற ரோப் காரையே வருஷத்துக்கு ஒருவாட்டி நிறுத்திவச்சுப் பார்க்கிறாங்கல்ல?"

"அது அந்தரத்துல போறது தம்பி. இது என்ன, சும்மா கம்ப்யூட்டர்ல கிடக்கிறதுதானே?"

"ரோப் கார் நின்னா ஊருக்கே தெரிஞ்சிடும்ணே. உங்க வெப்சைட் நின்னா உங்களுக்குத் தெரியாது. பாலக்காட்டுலேருந்து ரூம் தேடுறவருக்குத்தான் தெரியும். அவரு அடுத்த லாட்ஜுக்குப் போயிடுவாரு."

இதற்கு மேல் தொழில்நுட்பம் பேசத் தேவையில்லை. ஆனால் அந்த 6,000 ரூபாய்க்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வேர்ட்பிரஸ் தளமென்றால் அதன் மையநிரலும் செருகுநிரல்களும் புதுப்பிக்கப்பட வேண்டும். தளங்களுக்குள் திருடர்கள் நுழைவது பெரும்பாலும் பழசாகிப்போன செருகுநிரல் வழியாகத்தான். வாரம் ஒரு நகல், அதே சர்வரில் வைக்காமல் வேறிடத்தில். பூட்டுச் சின்னத்துக்கான எஸ்.எஸ்.எல். சான்றிதழ்: லெட்ஸ் என்க்ரிப்ட் இலவசமாகத் தருவது பொதுவாக 90 நாட்களுக்குத்தான், தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். மாதம் ஒருமுறை தொடர்புப் படிவத்தை நீங்களே நிரப்பி அனுப்பி, மின்னஞ்சல் போய்ச் சேருகிறதா என்று சோதிக்க வேண்டும். பல தளங்களில் படிவம் மாதக்கணக்காகச் செத்துக் கிடக்கும், யாருக்கும் தெரியாது. விழாக்காலக் கட்டணத்தை மாற்றுவது, ரோப் கார் பராமரிப்புக்கு நிறுத்தப்படும் நாட்களில் முகப்பில் ஒரு வரி போடுவது போன்றவையும் இதில் சேரும். வயதானவர்களை அழைத்து வரும் குடும்பம் முதலில் கேட்பது ரோப் கார் ஓடுகிறதா என்றுதான்.

வருடக் கடைசியில் ஒரு பக்க அறிக்கை கொடுங்கள்: எத்தனை முறை புதுப்பித்தோம், எத்தனை திருத்தம் செய்தோம், அழைப்புப் பொத்தானை எத்தனை பேர் தொட்டார்கள். பில்லோடு அந்தத் தாளும் போனால் "எதுக்குத் தம்பி மறுபடியும்?" என்ற கேள்வி பெரும்பாலும் எழாது. பில்லைத் தைப்பூசம் முடிந்த வாரத்தில் அனுப்புங்கள்.

டொமைன் யார் பெயரில்?

வாடிக்கையாளர் பெயரில். அவருடைய மின்னஞ்சல், அவருடைய கைபேசி எண். இதில் விட்டுக்கொடுப்பே கூடாது. "அதெல்லாம் நீயே வச்சுக்கப்பா" என்று அவரே சொன்னாலும் பக்கத்தில் உட்கார்ந்து கணக்கு திறந்து கொடுத்துவிட்டு, கடவுச்சொல்லை அவர் டைரியில் எழுதவைத்துவிட்டு வாருங்கள். டொமைனைத் தன் பெயரில் வைத்திருந்தவர் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட, புதுப்பிக்காமல் பெயர் பறிபோன கதை ஊருக்கு நாலு இருக்கும். டாட் காம் முகவரி காலாவதியாகி, பதிவு நிறுவனம் அதை நீக்கிய பிறகும் மீட்டெடுக்க 30 நாள் அவகாசம் உண்டு. ஆனால் அபராதம் பழைய கட்டணத்தைப்போலப் பல மடங்கு. அதையும் தாண்டினால் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். பழைய பெயரில் சூதாட்டத் தளம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். முப்பது வருடமாக நடக்கும் லாட்ஜின் விசிட்டிங் கார்டில் அச்சாகியிருக்கும் முகவரி ரம்மி விளையாட்டுக்குப் போய் நின்றால், அந்த முதலாளி வாழ்நாளில் இன்னொரு டெவலப்பரை நம்ப மாட்டார்.

எதை விற்க வேண்டும், எதை விற்கக் கூடாது

லாட்ஜ்காரர்களுக்கு ஆன்லைன் புக்கிங் எஞ்சினைத் தலையில் கட்டாதீர்கள். பெரிய பயணத் தளங்கள் ஓர் அறைக்கு 15 விழுக்காட்டுக்கு மேல் கமிஷன் எடுப்பது சாதாரணம், அதிலிருந்து தப்பிக்க வேண்டும் என்ற ஆசை முதலாளிக்கு நியாயமானதுதான். ஆனால் பழனிக்கு வருகிறவர் பெரும்பாலும் குடும்பமாக, கூட்டமாக வருகிறார். "ரெண்டு வேன், நாப்பது பேர், ஹால் கிடைக்குமா, சுடுதண்ணி உண்டா" என்று போனில் கேட்டு முடிவு செய்கிறார். அவருக்கு வேண்டியது கைபேசியில் மூன்று நொடிக்குள் திறக்கும் பக்கம், பெருவிரலுக்கு எட்டும் இடத்தில் அழைப்புப் பொத்தான், வாட்ஸ்அப் பொத்தான், கூகுள் மேப்பில் சரியான இடத்தில் குத்திய புள்ளி. கிரிவீதியில் தனியார் வாகனங்களுக்குத் தடை வந்த பிறகு வேன் எந்தப் பக்கம் வந்து எங்கே நிற்கலாம் என்று நாலு வரி எழுதுவது பத்து அழகான படங்களைவிட உதவும். மலைக்கோயிலில் 2023 அக்டோபர் 1 முதல் கைபேசிக்குத் தடை. போனை எங்கே வைத்துவிட்டுப் போவது என்பதையும் எழுதுங்கள். கேரளத்திலிருந்து வருகிறவர்கள் அத்தனை பேர் இருக்கும்போது, மலையாளத்தில் ஒரு பக்கம் இல்லாத பழனி லாட்ஜ் தளம் எனக்கு அரைகுறையாகத்தான் தெரிகிறது.

பஞ்சாமிர்தக் கடைக்காரர் ஆன்லைனில் விற்க வேண்டும் என்று வந்தால் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். ஒன்று, உணவுப் பாதுகாப்புப் பதிவு எண். அது தளத்தில் தெரிய வேண்டும். இரண்டாவது, பெயர். பழனி பஞ்சாமிர்தத்துக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. அது கோயில் நிர்வாகத்தின் விண்ணப்பத்தில் வந்தது. அந்தப் பெயரை எப்படிப் பயன்படுத்தலாம் என்று தெரிந்துகொள்ளாமல் கொட்டை எழுத்தில் போட்டுவிடாதீர்கள். கோயிலின் அதிகாரபூர்வத் தளம்போலத் தோற்றமளிக்கும் எதையும், எவ்வளவு கொடுத்தாலும், செய்யவே வேண்டாம். காணிக்கை, பூஜைப் பதிவு என்ற சொற்களோடு யாராவது வந்தால், அதெல்லாம் அறநிலையத் துறையின் அரசு முகவரியில்தான் நடக்கிறது என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.

சித்த மருந்துக் கடைகளில் கவனம் இன்னும் அதிகம் வேண்டும். "சர்க்கரை நோய் அடியோடு குணமாகும்" என்று நோட்டீஸில் இருக்கும் வரியை அப்படியே தளத்தில் ஏற்றச் சொல்வார்கள். 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் விளம்பரத் தடைச் சட்டத்தின் அட்டவணையில் சர்க்கரை நோய் உண்டு. அத்தகைய விளம்பரத்தை வெளியிடுவதில் எந்த வகையிலும் பங்கெடுப்பவரை அந்தச் சட்டம் தடுக்கிறது. தளம் கட்டியவரும் அதில் வருவார். மருந்தின் பெயர், சேர்மானம், உரிம எண், வைத்தியரின் பதிவு எண், கடை நேரம் இவ்வளவு போதும் என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள்.

ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டிக்காரர்களும் ஆயக்குடி கொய்யா வியாபாரிகளும் பணம் உள்ளவர்கள்தான். ஆனால் மண்டிக்கு இணையதளம் பெரிதாகப் பயன்படாது. விலை காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அவர்களுக்கு வாட்ஸ்அப்தான் சந்தை. பயன்படாததை விற்றால் ஒரு தளத்துக்கான காசு கிடைக்கும், அடுத்த ஆண்டு பராமரிப்புப் பணம் வராது.

தமிழ் எழுத்தில் ஒரு நிபுணத்துவம்

வெளியூர் நிறுவனங்கள் தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு. கடைக்காரர் தளத்துக்கான விவரங்களை, பல வருடமாகத் தனக்கு நோட்டீஸ் அடித்துக்கொடுக்கும் டி.டி.பி. கடையிலிருந்து வாங்கி அனுப்புவார். திறந்தால் தமிழே இருக்காது. ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்து கிடக்கும். அது பாமினியோ வானவில்லோ, ஏதோ ஒரு பழைய எழுத்துருவில் அடித்தது. தமிழக அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது என்றாலும் அச்சகங்களில் பழைய எழுத்துருக்கள் இன்னும் உயிரோடுதான் இருக்கின்றன. என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற கருவியில் மாற்றலாம். மாற்றிய பிறகு ஒரு வரிகூட விடாமல் படித்துப் பாருங்கள், கொம்பும் காலும் இடம் மாறியிருக்கும்.

பிறகு வடிவமைப்பு. ஆங்கிலத்தில் நாலு எழுத்தில் முடிகிற பொத்தானில் தமிழில் "முன்பதிவு செய்ய" என்று வரும்போது இரண்டு வரியாக உடையும். எழுத்துகளுக்கு மேலும் கீழும் விசிறியும் சுழியும் இருப்பதால் வரி இடைவெளியைக் கூட்ட வேண்டும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், கேட்டமரான் ஆகிய இலவச எழுத்துருக்களை மூன்று அளவுகளில், ஒரு விலை குறைந்த கைபேசியில் போட்டுப் பார்த்துவிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தேவையான தடிமன்களை மட்டும் ஏற்றுங்கள், இல்லாவிட்டால் எழுத்துருவே பக்கத்தைக் கனக்கவைக்கும்.

இந்த வேலை தெரிந்தவருக்குப் பழனிக்கு வெளியேயும் சந்தை உண்டு. மலேசியா, சிங்கப்பூர், லண்டன், டொராண்டோ என்று முருகன் கோயில் இல்லாத தமிழர் ஊர் குறைவு. கோயில்களுக்கும் தமிழ்ப் பள்ளிகளுக்கும் சங்கங்களுக்கும் இரு மொழித் தளம் வேண்டும், தமிழ் ஒழுங்காகத் தெரிய வேண்டும். உலகளாவிய ஃப்ரீலான்ஸ் சந்தைகளில் விலையைக் குறைத்துப் போட்டியிடுவதற்குப் பதிலாக இந்தப் பக்கம் போங்கள். கோயம்புத்தூர் நிறுவனங்களிடம் துணை ஒப்பந்தமாகத் தமிழ்ப் பக்கங்களை வாங்கிச் செய்வதும் நல்ல வழி. பஸ்ஸில் மூன்று மணி நேரம், மாதம் ஒருமுறை நேரில் போய் முகம் காட்டிவிட்டு வரலாம். வருமானத்தில் மூன்றில் ஒரு பங்காவது பழனி விழாக்காலத்தோடு சம்பந்தமில்லாத இடத்திலிருந்து வரட்டும். கொரோனா ஆண்டுகளில் கோயில் நடை சாத்தியிருந்தபோது ஊர்க் கடைகள் பட்ட பாடு நினைவிருப்பவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. ஜோஹோ நிறுவனம் தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் இருந்துகொண்டு உலகத்துக்கு மென்பொருள் விற்கிறது. தூரம் ஒரு தடையாக இருந்த காலம் போய்விட்டது. தனி ஆளுக்கு அந்தப் படையும் மூலதனமும் கிடையாது, ஆகவே ஒரு குறுகிய நிபுணத்துவம் வேண்டும்.

எழுத்தில் வாங்குங்கள்

தெரிந்த மனிதரிடம் ஒப்பந்தம் கேட்பது சங்கடமாகத்தான் இருக்கும். ஒப்பந்தம் என்று சொல்ல வேண்டாம், "விவரக் கடிதம்" என்று சொல்லி ஒரே பக்கத்தில் அனுப்பி, வாட்ஸ்அப்பில் "சரி" என்று பதில் வாங்கினாலும் ஓரளவு பிடிமானம்தான். கையெழுத்து கிடைத்தால் நல்லது. அதன் சாரம் இப்படி இருக்கலாம்:

"முகப்பு, அறைகள், வரும் வழி, தொடர்பு ஆகிய நான்கு பக்கங்கள். தமிழ், மலையாளம், ஆங்கிலம். மலையாள வாசகத்தை வாடிக்கையாளர் தருவார். திருத்தம் இரண்டு சுற்று. அதற்கு மேல் மணிக்கு 500 ரூபாய். பாதித் தொகை முன்பணம், கால் பங்கு வடிவத்துக்கு ஒப்புதல் தரும்போது, மீதி தளம் திறப்பதற்கு முன். படங்களும் விலைப்பட்டியலும் 21 நாட்களுக்குள் வராவிட்டால் இரண்டாம் தவணை அன்றே தரப்பட வேண்டும். முழுத்தொகை வந்ததும் பதிப்புரிமை வாடிக்கையாளருக்கு, உலகம் முழுவதற்கும், முழுக் காலத்துக்கும் எழுதித் தரப்படும்."

ஒவ்வொரு வரிக்கும் ஒரு காரணம் இருக்கிறது. வேலை தாமதமாவது பெரும்பாலும் "போட்டோ நாளைக்கு அனுப்புறேன் தம்பி" என்பதால்தான். அந்த 21 நாள் விதி அதற்காக. எல்லாம் முடிந்த பிறகு கோயம்புத்தூரிலிருந்து மாப்பிள்ளை வந்து "இந்தப் பச்சை கலர் நல்லால்லயே" என்பார். இரண்டு சுற்று விதி அவருக்காக. காலமும் எல்லையும் எழுதியிருப்பது 1957 பதிப்புரிமைச் சட்டத்துக்காக: உரிமையை எழுதிக்கொடுக்கும்போது காலம் சொல்லாவிட்டால் ஐந்து ஆண்டு, எல்லை சொல்லாவிட்டால் இந்தியா மட்டும் என்று அது கொள்கிறது.

உத்யம் பதிவு செய்துகொள்ளுங்கள். 2020 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது, இணையத்திலேயே இலவசம். காசு கேட்கும் தளம் வந்தால் அது போலி. குறு, சிறு நிறுவனமாகப் பதிவாகிவிட்டால் 2006-ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. சட்டம் உங்கள் பக்கம் நிற்கும்: எழுத்தில் தேதி இல்லாவிட்டால் 15 நாட்களுக்குள், எழுத்தில் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாட்களுக்குள் பணம் வர வேண்டும், தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. நியூயார்க் நகரம் 2017-ல் ஃப்ரீலான்சர்களுக்கென்று எழுத்து ஒப்பந்தத்தையும் பணம் தரும் கெடுவையும் கட்டாயமாக்கிய சட்டத்தைப் பலரும் பெருமையாகச் சொல்வார்கள். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே நம்மிடம் இருக்கும் இந்தச் சட்டத்தை உள்ளூரில் யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. பக்கத்துத் தெரு லாட்ஜ்மேல் புகார் போடச் சொல்லவில்லை. ஆனால் பில்லின் அடியில் உத்யம் எண்ணும் 45 நாள் வரியும் அச்சாகியிருந்தால், வாடிக்கையாளரின் ஆடிட்டர் அதைக் கவனிப்பார்.

வரி விஷயம் சுருக்கமாக. சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். வருமான வரியில் 44ஏடிஏ பிரிவின் அனுமான முறையில் வரவில் பாதியை லாபமாகக் காட்டும் வசதி உங்களுக்குப் பொருந்துமா என்று ஆடிட்டரிடம் கேளுங்கள். 2025-ல் இயற்றிய புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறிவிட்டன என்பதையும் நினைவில் வையுங்கள். வெளிநாட்டுப் பணம் வந்தால் வங்கியிலிருந்து அதற்கான சான்றை அவ்வப்போது வாங்கிக் கோப்பில் வையுங்கள். தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு, தனி யூ.பி.ஐ. க்யூஆர். வீட்டு மளிகையும் ஹோஸ்டிங் கட்டணமும் ஒரே கணக்கில் கலந்தால் மார்ச் மாதம் தூக்கம் போய்விடும்.

விட்டுப்போகிறவருக்கு

ஐம்பது பேரில் ஆண்டுக்கு இரண்டு மூன்று பேர் போவார்கள். மகன் படித்துவிட்டு வந்து தானே பார்த்துக்கொள்கிறேன் என்பான், அல்லது யாரோ பாதி விலைக்குச் செய்துதருவதாகச் சொல்லியிருப்பார். பாக்கி இருந்தால் முதலில் அதை வாங்கிக்கொண்டு, தளத்தின் முழு நகல், தரவுத்தளம், ஹோஸ்டிங் கணக்கு, கூகுள் வணிகப் பக்கத்தின் உரிமை, செருகுநிரல் உரிமங்களின் காலாவதித் தேதிகள் எல்லாவற்றையும் பென் டிரைவிலும் ஒரு தாளிலுமாகக் கொடுத்துவிட்டு, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். பாக்கிக்காக டொமைனைப் பிடித்துவைக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அடிவாரத்தில் அந்தச் செய்தி அன்று மாலையே டீக்கடை வரை வந்துவிடும். உங்கள் கடவுச்சொற்களை எல்லாம் அந்தத் தளத்திலிருந்து நீக்கிவிட்டு, நீக்கிய தேதியை வாட்ஸ்அப்பில் அவருக்கு எழுதி அனுப்புங்கள். மூன்று மாதம் கழித்துத் தளத்தில் ஏதாவது கோளாறு வந்தால் முதல் போன் உங்களுக்குத்தான் வரும். அப்போது மணிக் கணக்கில் கூலி சொல்ல அந்தத் தேதி உதவும்.